பழைய அனலாக்கா, புது டிஜிட்டலா? நீலகிரியில் சிந்தசைசர் வாசிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் கீபோர்டு வாசிப்பவர்களை தேவாலயப் பாடகர் குழுவிலும், படுகப் பாடல் பதிவிலும், கல்யாண மேடையிலும் பார்க்கலாம். மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கீபோர்டான சிந்தசைசர் (சுருக்கமாக 'சிந்த்') பற்றி அங்கெல்லாம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன. முன்னால் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் இருக்க எண் போட்டிருக்கிறது.

1. பழைய சிந்த்னா எல்லாமே அனலாக்தானே?

இல்லை. யமஹா டிஎக்ஸ்7 வந்தது 1983-ல். அது முழுக்க டிஜிட்டல். கோர்க் மினிலாக் வந்தது 2016-ல், அது அனலாக். ஆக வயது வேறு, வகை வேறு. "பழசுதான் நல்லா இருக்கும்" என்று ஒருவர் சொன்னால் முதலில் எந்த மாடல் என்று கேளுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இந்தப் பக்கத்தில் "பழைய அனலாக்" என்றால் மினிமூக் (1970), ப்ராஃபெட்-5 (1978), ஜூபிடர்-8 (1981), ஜூனோ-60 (1982), ஜூனோ-106 (1984) போன்றவை. "புது டிஜிட்டல்" என்றால் ஹைட்ராசிந்த், ஜூபிடர்-எக்ஸ், மோடிஎக்ஸ் போன்றவை. நம் ஊர் மேடைகளில் இருக்கும், தாளத்தையும் பின்னணியையும் தானே வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டும் இந்தப் பக்கம்தான் சேரும்.

2. ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்? சுருக்கமா சொல்லுங்க.

அனலாக்கில் ஒலி கடைசிவரை மின்னழுத்தமாகவே ஓடுகிறது. ஆசிலேட்டர் அலையைக் கிளப்பும், ஃபில்டர் அதில் கொஞ்சத்தை வெட்டும், ஆம்ப் அளவைக் கூட்டிக் குறைக்கும். டிஜிட்டலில் இதே வேலைகளைக் கணக்காகப் போட்டு, நொடிக்கு 44,100 அல்லது 48,000 எண்களாக எழுதி, கடைசியில் ஒரு சிப் அந்த எண்களை மின்னழுத்தமாக மாற்றுகிறது.

இடையில் ஒரு சாதி உண்டு. 1995-ல் வந்த நார்டு லீட் முதல் இன்றுவரை, அனலாக் சுற்று எப்படி நடந்துகொள்ளும் என்பதையே கணக்காகப் போடும் டிஜிட்டல் சிந்த்கள் வருகின்றன. இன்றைய சண்டை பெரும்பாலும் இவற்றுக்கும் பழைய அனலாக்குக்கும்தான்.

3. அனலாக்ல ஒரு 'கதகதப்பு' இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது நிஜமா பிரமையா?

நிஜம். ஆனால் அது ஒரே காரணத்தால் வருவது இல்லை. முதல் காரணம் சுருதி: இரண்டு மூன்று ஆசிலேட்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒன்றிரண்டு சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டாவது, ஐந்து குரல் உள்ள (ஒரே நேரத்தில் ஐந்து நோட்டு ஒலிக்கும்) ப்ராஃபெட்டில் ஐந்தும் தனித்தனிச் சுற்றுகள். ஒவ்வொன்றின் ஃபில்டரும் கொஞ்சம் முன்னே பின்னே திறக்கும். ஒரே நோட்டை ஐந்து முறை அடித்தால் ஐந்தும் நூல் பிசகாமல் ஒன்றாக இருக்காது. மூன்றாவது, ஃபில்டருக்குள் ஒலியை அதிகமாகத் தள்ளும்போது வரும் மெல்லிய சிதைவு. மினிமூக்கின், ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) 24 டெசிபல் வெட்டும் டிரான்சிஸ்டர் ஃபில்டர் பேர் வாங்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஜூனோவை இந்தப் பட்டியலில் சேர்த்துப் பேசுபவர்கள் இங்கே இடறுகிறார்கள். ஜூனோ-60, 106 இரண்டிலும் ஆசிலேட்டரின் சுருதியை ஒரு டிஜிட்டல் கடிகாரம் பிடித்து வைத்திருக்கிறது. அது நகரவே நகராது. ஜூனோவில் நாம் கேட்கும் அந்த அகலம் பெரும்பாலும் அதன் கோரஸ் சுற்றிலிருந்து (ஒலியோடு அதன் சற்றுத் தாமதமான, அசையும் நகலைச் சேர்ப்பது) வருகிறது. கோரஸை அணைத்துவிட்டு வாசித்தால் பலருக்கு முகம் வாடிவிடும்.

4. அப்போ டிஜிட்டலோட குறை எங்கே தெரியும்? கடையில நின்னு எப்படிச் சோதிக்கிறது?

மூன்று சோதனை போதும். ஹெட்போன் கட்டாயம். ரிவெர்ப், டிலே, கோரஸ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

ஒன்று: வெறும் சா அலை (ரம்பப் பல் வடிவ அலை), ஃபில்டர் முழுக்கத் திறந்து. கீபோர்டின் உச்சி ஆக்டேவில் ஒரு நோட்டைப் பிடித்து, சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டை மெதுவாக ஏற்றுங்கள். நோட்டு ஏறும்போது அடியில் வேறொரு விசில் இறங்கினால், அது கணக்கில் அடங்காத மேல் ஸ்வரங்கள் மடங்கித் திரும்பி வருவது. நல்ல புது சிந்தில் இது கேட்காது. மலிவான கீபோர்டிலும் 20 வருடப் பழைய டிஜிட்டலிலும் கேட்கலாம். இரண்டு: ரெசொனன்ஸை (ஃபில்டர் வெட்டும் இடத்தை எடுப்பாக்குவது) முக்கால்வாசி ஏற்றி, வெட்டும் இடத்தை நகர்த்தும் கட்-ஆஃப் நாப்பை மிக மெதுவாகத் திருப்புங்கள். வழுக்கிக்கொண்டு போகாமல் படிப்படியாகத் தட்டினால், அந்த நாப் 128 படிகளில் ஓடுகிறது, இடைவெளியை நிரப்பும் வேலை அங்கே நடக்கவில்லை. மூன்று: அட்டாக்கை (ஒலி எழும்ப எடுக்கும் நேரத்தை) பூஜ்யத்துக்கு இறக்கி ஒரு குறுகிய பாஸ் நோட்டு அடியுங்கள். முன்விளிம்பு மழுங்கினால் என்வலப் (ஒலி எழுந்து அடங்குவதை ஆளும் பகுதி) வேகம் போதாது.

மூன்றிலும் தேறிய டிஜிட்டலை "டிஜிட்டல்" என்பதற்காகவே ஒதுக்குவதில் அர்த்தமில்லை.

5. வாசிக்கிறவங்களே ஏங்க ரெண்டு கட்சியா நிக்கிறாங்க?

அவர்கள் வாசிக்கும் இடம் வேறு வேறு என்பதால். அனலாக் பக்கம் நிற்பவர்களிடம் துருவிக் கேட்டால், ஒலியைவிட நாப்பைப் பற்றியே அதிகம் பேசுவார்கள். ஒரு வேலைக்கு ஒரு நாப், கை போட்டதும் மாற்றம், மெனுவுக்குள் தேட வேண்டியதில்லை. இது நியாயமான காரணம். ஆனால் இது அனலாக்கின் குணம் இல்லை, முகப்பலகை அமைப்பின் குணம். நாப் நிறைந்த டிஜிட்டலும் உண்டு, நாப் குறைவான அனலாக்கும் உண்டு.

டிஜிட்டல் பக்கம் நிற்பவர்கள் மேடைக்காரர்கள். ஒரே பெட்டியில் பியானோ, வயலின் கூட்டம், வீணை, பேட் (பின்னணியில் நீளும் ஒலி), லீட் (முன்னணி மெட்டு ஒலி) எல்லாம் வேண்டும். பாட்டுக்குப் பாட்டு ஒரு பட்டனில் மாற வேண்டும். மினிமூக்கில் ஒரே நேரத்தில் ஒரு நோட்டுதான் ஒலிக்கும், நினைவகமும் கிடையாது. அடுத்த பாட்டுக்குள் இருபது நாப்பைக் கையால் திருப்பி வைக்க வேண்டும். பதிவுக்கூடத்தில் அது சுகம், கல்யாண மேடையில் தண்டனை.

6. கண்ணை மூடிட்டுக் கேட்டா கண்டுபிடிக்க முடியுமா?

தனியாகக் கேட்டால் சில நேரம் முடியும். பாட்டுக்குள் கேட்டால் பெரும்பாலும் முடியாது. நம்பிக்கை இல்லையென்றால் செய்து பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி எளிய பேட்ச் (ஒலி அமைப்பு) அமைத்து, ஒரே மிடி வரியை (கருவிகளுக்கு நோட்டுக் கட்டளை அனுப்பும் முறையில் எழுதியதை) ஓட்டிப் பதிவு செய்யுங்கள். இரண்டின் ஒலி அளவும் அரை டெசிபலுக்குள் சமமாக இருக்க வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: ஒன்று ஒரு டெசிபல் கூடியிருந்தாலே காது அதைத்தான் "செழிப்பு" என்று சொல்லும்.

இன்னொருவர் நாணயம் சுண்டி எதைப் போடுவது என்று முடிவு செய்யட்டும். நீங்கள் பத்து முறை சொல்லுங்கள். ஐந்தோ ஆறோ சரியானால் அது குருட்டாம்போக்கு. ஒன்பதோ பத்தோ சரியானால் உங்கள் காதுக்கு உண்மையிலேயே தெரிகிறது. குத்துமதிப்பில் ஒன்பதோ பத்தோ வர வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான்.

7. சர்ச்சிலயும் பண்டிகையிலயும்தான் வாசிக்கிறேன். எனக்கு எது?

டிஜிட்டல். கல் சுவர் தேவாலயத்தின் எதிரொலியில், ஒற்றைச் சேனலாக ஓடும் பி.ஏ.வில் (ஒலிபெருக்கி அமைப்பில்), 3-ல் சொன்ன நுணுக்கம் எதுவும் கடைசி பெஞ்சு வரை போய்ச் சேராது. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்களுக்கு எடையும் பேட்டரியும்தான் கணக்கு. படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை மேடைக்கு டோன் மாற்றும் வேகம் கணக்கு.

8. ஊட்டிக் குளிர்ல அனலாக் சுருதி ஓடும்னு சொல்றாங்களே?

ஓடும், ஏன் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. பழைய ஆசிலேட்டரில் மின்னழுத்தத்தைச் சுருதியாக மாற்றுவது ஒரு டிரான்சிஸ்டர் ஜோடி. அதன் குணம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு சுமார் 0.33 சதவீதம் மாறும். ஈடுகட்டும் ரெசிஸ்டர் இல்லையென்றால், பத்து டிகிரி மாறினால் 3.3 சதவீதம். ஒரு ஆக்டேவ் என்பது 1,200 சென்ட். ஆகவே ஒரு ஆக்டேவ் தள்ளிப் போவதற்குள் சுமார் 40 சென்ட் பிசகும். இரண்டு ஆக்டேவ் தள்ளினால் 80, கிட்டத்தட்ட ஒரு அரை ஸ்வரம். இந்தப் பிசகை அடக்க நல்ல சிந்த்களில் வெப்ப ஈடு வைத்திருப்பார்கள். அப்போதும் கொஞ்சம் மிஞ்சும்.

ஜனவரியில் ஊட்டியில் இரவு பூஜ்யத்தைத் தொடும், பகலில் இருபது வரை ஏறும். விடியற்காலை ஆராதனைக்கு வெறுமையாகக் கிடந்த கூடத்தில் சுருதி சேர்த்துவிட்டு, ஆட்கள் நிறைந்து கூடம் சூடானதும் வாசித்தால் பிசகாமல் என்ன செய்யும்? ஆகவே வாசிப்பதற்கு அரை மணி முன்பே ஆன் செய்து விடுங்கள். சுருதியைச் சூடான பிறகே சேருங்கள். ப்ராஃபெட்-5 போல ட்யூன் பட்டன் இருந்தால் பாட்டு இடைவெளியில் ஒருமுறை அழுத்துங்கள். கதவோரம், ஜன்னலோரம், ரூம் ஹீட்டர் பக்கம் வைக்காதீர்கள். ஜூனோவுக்கு இந்தத் தொல்லை இல்லை (3-ஐப் பாருங்கள்). டிஜிட்டலுக்கும் இல்லை.

9. டிஜிட்டல் சுருதி நகராதுன்னா நாகஸ்வரத்தோட ஏன் சேர மாட்டேங்குது?

இங்கே நகர்வது நாகஸ்வரம். ஊதுகிற வாத்தியம் எதுவானாலும் உள்ளே இருக்கும் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் சுமார் மூன்று சென்ட் இறங்கும். சமவெளியில் 30 டிகிரியில் சேர்ந்த குழல் குன்னூரில் 15 டிகிரியில் 45 சென்ட் கீழே நிற்கும். புல்லாங்குழல், நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்கள் சீவாளி வைத்து ஊதும் குழல், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஊதுபவர் பத்து நிமிடம் ஊதி வாத்தியத்தைச் சூடாக்கிய பிறகு, நீங்கள் கீபோர்டின் மாஸ்டர் ட்யூனை (மொத்தச் சுருதியை) அவரிடம் கொண்டுபோங்கள். அவரை 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதிக்கு இழுக்கப் பார்க்காதீர்கள். அரை மணி கழித்து இன்னொரு முறை சரிபார்க்க வேண்டி வரும்.

10. ஊட்டி உயரத்துல சிந்த் சவுண்டு மாறுமா?

மாறாது. 2,240 மீட்டரோ மேட்டுப்பாளையமோ, மின்சுற்றுக்கு உயரம் தெரியாது. வெப்பமும் ஈரமும்தான் தெரியும்.

11. மழைக்காலத்துல பழைய சிந்தை எப்படிங்க வைக்கிறது?

கூடலூருக்குத் தென்மேற்கு, குன்னூர் கோத்தகிரிக்கு வடகிழக்கு என்று ஏதோ ஒரு பருவமழை அடித்துக்கொண்டே இருக்கும், மிச்ச நாளில் மூடுபனி. ஈரம் முதலில் பிடிப்பது தொடு பகுதிகளை: ஸ்லைடர், நாப்புக்குள் இருக்கும் கரிப் பட்டை, சாவிக்கு அடியில் ரப்பர், சிப் சொருகிய சாக்கெட். சில நோட்டு ஒலிக்காது, சில நோட்டு முழு வேகத்தில் அடிக்கும், ஸ்லைடர் கரகரக்கும்.

அறை ஈரத்தை 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைக்கப் பாருங்கள். ஈரமானி மலிவாகவே கிடைக்கிறது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போட்டு, நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஆன் செய்து வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் காயும். குளிரில் வண்டியில் வந்த சிந்தைச் சூடான அறையில் வைத்ததும் ஆன் செய்யவே கூடாது, உள்ளே பனி பூத்திருக்கும். பெட்டியைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். இது டிஜிட்டலுக்கும் சேர்த்துத்தான்.

மலைப்பாதைக் குலுக்கலில் சாக்கெட்டில் இருக்கும் சிப்கள் மெல்ல மேலே எழும்பும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பழைய சிந்த் செத்துக் கிடந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு, திறந்து, சிப்களை விரலால் அழுத்திப் பார்ப்பதுதான் முதல் வேலை. பவர் சப்ளை பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

12. ஜப்பான் செட்டு ஒண்ணு வருது, 100 வோல்ட்டாம். நம்ம பிளக்ல போடலாமா?

போட்டால் ஃப்யூஸ் போகும், அதிர்ஷ்டம் கெட்டால் டிரான்ஸ்ஃபார்மரும் கப்பாசிட்டரும் சேர்ந்து போகும். 230-ஐ 100-ஆக இறக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சிந்தின் பின்பலகையில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அதைப்போல் இரண்டு மடங்கு விஏ (டிரான்ஸ்ஃபார்மரின் திறன் அளவு) உள்ளதை வாங்குங்கள். அமெரிக்க செட்டுக்கு 120, ஜப்பான் செட்டுக்கு 100. இரண்டும் ஒன்றென்று நினைத்து ஜப்பான் செட்டுக்கு 120 கொடுத்தால் உடனே எரியாது. உள்ளே ரெகுலேட்டர் கொதித்துக்கொண்டே இருந்து சில மாதத்தில் காலை வாரும்.

புது டிஜிட்டல்களில் பெரும்பாலானவற்றுக்கு அடாப்டரிலேயே 100–240 என்று போட்டிருக்கும். படித்துவிட்டு மாட்டினால் போதும்.

13. இன்வெர்ட்டர்ல போட்டா 'ங்ங்ங்'னு ஹம் வருது. எர்த்தைக் கழட்டினா போகுமா?

எர்த்தைக் கழற்றாதீர்கள். ஹம் போகலாம், ஈரக் கையோடு மைக்கைத் தொடும் பாடகரும் போகலாம். மலிவு இன்வெர்ட்டர் தருவது சதுர அலை. பழைய சிந்தின் டிரான்ஸ்ஃபார்மர் அதில் உறுமும், சூடேறும். சைன் அலை இன்வெர்ட்டர்தான் தீர்வு. மெயின்ஸிலும் ஹம் இருந்தால், சிந்துக்கும் மிக்சருக்கும் நடுவே டிஐ பாக்ஸ் (ஒலி வரியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) போட்டு, அதில் ஒலி வரியின் கிரவுண்டைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். சிந்தையும் மிக்சரையும் ஒரே பிளக் வரிசையிலிருந்து எடுத்தாலே பாதி ஹம் அடங்கும்.

மரம் விழுந்து கரண்ட் போகும் மாதங்களில் டிஜிட்டலுக்கும் ஒரு ஆபத்து உண்டு. பேட்ச் சேமிக்கும்போதோ இயங்கு மென்பொருளைப் புதுப்பிக்கும்போதோ மின்சாரம் போனால் சிந்த் எழுந்திருக்காமலே போகலாம். புதுப்பிக்கும் வேலையை யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

14. ஜூனோ-106 ஒண்ணு விலைக்கு வருதுண்ணா. எதெல்லாம் பார்த்து வாங்கணும்?

ஆறு குரலையும் தனித்தனியாகக் கேளுங்கள். கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் சோதனை நிலைக்குப் போகும். ஒவ்வொரு நோட்டுக்கும் எந்தக் குரல் ஒலிக்கிறது என்று திரையில் எண் தெரியும். ஒரு குரல் மட்டும் கரகரத்தாலோ, விட்டுவிட்டு வந்தாலோ, கையை எடுத்த பின்னும் முனகினாலோ, அதற்குரிய 80017ஏ என்ற சிப் போய்விட்டது என்று வையுங்கள். குரலுக்கு ஒன்றாக ஆறு இருக்கும். அதன் மேல்பூச்சு வருடக் கணக்கில் கெட்டு மின்கசிவு ஏற்படுவதுதான் நோய். அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சைக் கழற்றிப் பிழைக்க வைக்கிறார்கள், புதிதாகத் தயாரான மாற்று சிப்பும் கிடைக்கிறது. ஒன்று போயிருந்தால் மற்ற ஐந்தும் பின்னாலேயே வரும் என்று கணக்குப் போட்டு விலை பேசுங்கள்.

அரை மணி ஓடவிட்ட பிறகே சோதியுங்கள், குளிர்ந்திருக்கும்போது எல்லாமே நன்றாக இருக்கும். அணைத்துப் போட்டதும் பேட்ச் மறந்தால் உள்ளே சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது, அது சின்ன விஷயம். கோர்க் பாலிசிக்ஸில் பேட்டரி சின்ன விஷயம் இல்லை: பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒழுகி போர்டின் செம்புக் கோடுகளையே அரித்திருக்கும். திறந்து பார்க்க விடாத ஆளிடம் பாலிசிக்ஸ் வாங்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று கேளுங்கள்: கெட்டால் யார் பார்ப்பார்? மலையில் டிவி, ஆம்ப் பார்க்கும் நல்ல கைகள் உண்டு. பவர் சப்ளை கப்பாசிட்டர், சாவி ரப்பர் அவர்களால் முடியும். வோல்ட்டேஜ் அளந்து குரலுக்குக் குரல் ஃபில்டர் சேர்க்கும் வேலைக்கு சர்வீஸ் மேனுவலும் ஆசிலோஸ்கோப்பும் பழக்கமும் வேண்டும். பெரும்பாலும் கோயம்புத்தூருக்கோ அதைத் தாண்டியோ இறங்க வேண்டியிருக்கும். அந்த அலைச்சலுக்குத் தயார் இல்லையென்றால் வாங்காமல் இருப்பதே லாபம்.

15. கமகம் எதுல நல்லா வரும்?

ஒற்றைக் குரல் அனலாக்கில் கிளைடு (ஒரு நோட்டிலிருந்து அடுத்ததற்கு வழுக்குவது) இயற்கையாக வரும். 1982-லேயே இந்திய இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்டு டிபி-303 என்ற பாஸ் சிந்தின் அந்த வழுக்கலை வைத்து ராகங்கள் வாசித்துப் பதிவு செய்தார். டிஜிட்டலில் பிட்ச் பெண்டுக்கு மிடியிலேயே 16,384 படிகள் உண்டு. 4-ல் சொன்ன தட்டல் இங்கே வராது. வீச்சை இரண்டு அரை ஸ்வரத்தில் தொடங்கிப் பழகி, பிறகு நான்காக்குங்கள்.

சுருதி நுட்பத்தில் டிஜிட்டலுக்குத்தான் கை ஓங்கும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியாகச் சுருதி சேர்க்கும் ஸ்கேல் ட்யூன் வசதியில் ஷட்ஜத்தை வைத்துக்கொண்டு அந்தர காந்தாரத்துக்கு -14, பஞ்சமத்துக்கு +2, சுத்த மத்யமத்துக்கு -2, சதுஸ்ருதி தைவதத்துக்கு -16, காகலி நிஷாதத்துக்கு -12 சென்ட் கொடுத்துப் பாருங்கள். தம்புராவோடு உரசாமல் உட்காரும். பழைய அனலாக்கில் பெரும்பாலானவற்றில் இதைக் கேட்க முடியாது.

16. இருக்கிற டிஜிட்டல்லயே பழைய சவுண்டு எடுக்க வழி உண்டா?

உண்டு, 3-ல் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். இரண்டு சா அலை, ஒன்று +4, மற்றது -3 சென்ட். எண்கள் சமமாக இல்லாமல் இருப்பது நல்லது. மெதுவான ராண்டம் எல்எஃப்ஓ (மற்ற பகுதிகளை மெல்ல அசைக்கும் ஆசிலேட்டர்), நொடிக்கு 0.2 சுற்று, சுருதியை ஒன்று இரண்டு சென்ட் மட்டும் அசைக்கட்டும். நோட்டுக்கு நோட்டு கட்-ஆஃப் மிகக் கொஞ்சம் மாறும்படி ஒரு ராண்டம். 24 டெசிபல் ஃபில்டர், அதற்கு முன் டிரைவ் (ஒலியை அதிகமாகத் தள்ளிச் சிதைப்பது) கால்வாசிக்கும் கீழே. மேலே 12 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பால் கொஞ்சம் வெட்டுங்கள். ஜூனோ மாதிரி வேண்டுமென்றால் சுருதி அசைவை எடுத்துவிட்டு, நொடிக்கு அரைச் சுற்று வேகத்தில் ஸ்டீரியோ கோரஸ்.

சில சிந்த்களில் "அனலாக் ஃபீல்", "விண்டேஜ்", "ஸ்லாப்" என்ற பெயர்களில் இதில் பாதியை ஒரே நாப்பில் வைத்திருப்பார்கள். அதைப் பாதிக்கு மேல் திருப்பினால் பழைய சிந்த் வராது, ரிப்பேர் சிந்த்தான் வரும்.

17. 1983-க்கு முந்தின சிந்தை லேப்டாப்போட இணைக்கலாமா?

மிடி அறிமுகமானது 1983-ல்தான். அதற்கு முந்தியவற்றுக்கு மிடியைச் சிவி-கேட்டாக (மின்னழுத்தத்தால் சிந்தை இயக்கும் பழைய முறை) மாற்றும் பெட்டி வேண்டும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: மூக், ரோலண்டு, சீக்வென்ஷியல் நிறுவனங்களின் சிந்த்கள் ஒரு ஆக்டேவுக்கு ஒரு வோல்ட் முறை. கோர்க் எம்எஸ்-20-யும் பழைய யமஹா சிஎஸ் வரிசையும் ஹெர்ட்ஸுக்கு வோல்ட் முறை. மாற்றிப் போட்டால் ஒரு நோட்டு மட்டும் சரியாக இருந்து மற்றதெல்லாம் கோணலாகும். ஜூனோ-60-ல் இரண்டும் இல்லை, டிசிபி என்ற ரோலண்டின் சொந்த இணைப்பு. அதற்கான தனி மாற்றியையே கேட்டு வாங்குங்கள்.

லேப்டாப்பில் மென்பொருள் சிந்த் ஓட்டுபவர்கள் பஃபரை (ஒலி எண்களைச் சேர்த்து அனுப்பும் தொகுதியின் அளவை) 128-ல் வையுங்கள். 48,000 விகிதத்தில் அது 2.7 மில்லிநொடிதான், விரலுக்குத் தெரியாது. சார்ஜர் மாட்டியதும் சிணுங்கினால் 13-ல் சொன்ன டிஐ பாக்ஸ்.

18. இன்னும் முப்பது வருஷம் கழிச்சு எதுங்க ஓடும்?

இது நினைப்பதைவிடச் சிக்கலான கேள்வி. பழைய அனலாக்கில் பெரும்பாலானவை பொதுவான பாகங்கள்: ரெசிஸ்டர், கப்பாசிட்டர், டிரான்சிஸ்டர். ப்ராஃபெட்டின் பிற்காலப் பதிப்பில் இருக்கும் சிஇஎம்3340 ஆசிலேட்டர் சிப் மறுபடி தயாராகிறது, நகல்களும் உண்டு. புது டிஜிட்டலில் அந்த ஒரு மாடலுக்கென்றே நிரல் எழுதிய சிப் போனால் வெளியில் கிடைக்காது, திரைக்கும் அதே கதை. ஆயுள் கணக்கில் அனலாக்குக்குத்தான் ஓட்டு, பார்க்க ஆள் இருக்கும் வரை.

இரண்டுக்கும் நடுவழி, புதிதாகத் தயாராகும் அனலாக். ப்ராஃபெட்-5 2020-ல் மறுபடி வந்தது. மினிலாக் போன்ற சின்னவையும் உண்டு. சுருதியைத் தானே சேர்த்துக்கொள்ளும், நினைவகமும் மிடியும் உண்டு, கப்பாசிட்டர் நாற்பது வயதானது இல்லை. அனலாக் ஆசை விடாது என்பவர்கள் முதலில் இங்கே கை வைக்கலாம். எதை வாங்கினாலும் பேட்ச் எல்லாவற்றையும் சிஸ்எக்ஸ் கோப்பாகவோ (மிடி வழியாகச் சிந்தின் அமைப்புகளை எடுக்கும் கோப்பு), அதற்குரிய மென்பொருள் வழியாகவோ கம்ப்யூட்டரில் ஒரு நகல், பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். நினைவகமே இல்லாத மினிமூக் வகையறாவுக்கு, நாப்கள் நிற்கும் நிலையை மொபைலில் நேராகப் படம் பிடித்து, படத்துக்குப் பாட்டின் பெயரை வைத்துவிட்டால் போதும்.